புதன்கிழமை லைன்

புதன்கிழமை எனக்குப் பள்ளத்தூர் லைன்.
முப்பது கிலோவைத் தோளில் ஏற்றும்போது
அதில் பாதி வெறும் வாயு என்று
நம்புவது கஷ்டம்.

பெரிய வீடுகளில்
முன்வாசலில் மணியடித்துவிட்டு
அடுப்படிக்குப் போக அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும்.
பூட்டிய வீடுகளுக்கும் ரீஃபில் உண்டு:
கல்யாணத்துக்கு ஆறு, அறுபதுக்கு நாலு,
சினிமாக்காரர்கள் வந்தால் கணக்கில்லை.

பூமயில் வீட்டுக்கு
நான்கு வருடத்தில் ஒரே தடவை போயிருக்கிறேன்,
இலவச இணைப்பு கொடுத்த அன்றைக்கு.
அவள் புத்தகத்தின் முதல் வரியில் என் கையெழுத்து.
அதற்குப் பிறகு வெறும் கோடுகள்.

ஏஜென்சியில் ஒரு பட்டியல் நீட்டினார்கள்.
‘விழிப்புணர்வு இல்லாத வீடுகள்’ என்று தலைப்பு.
போய்ப் பேசு என்றார்கள்.
போனேன்.
மூலையில் நின்றது சிலிண்டர்,
பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு
தலையில் டேபிள் ஃபேனைச் சுமந்தபடி.

புகை உடம்புக்குக் கெடுதல் என்று ஆரம்பித்தேன்.

“காலையில எட்டுலேருந்து பலகாரக் கம்பெனியில
கேஸ் அடுப்புக்கு முன்னாடிதாண்ணே நிக்கிறேன்.
சீப்புச் சீடைக்கு எவ்வளவு தீ,
மனகோலத்துக்கு எவ்வளவு தீ,
சத்தத்தை வச்சே சொல்லுவேன்.
எனக்கா விழிப்புணர்வு?
கம்மாக்கரைக் கருவேலம் காசு கேக்காது.
முள்ளா ஏத்தி
கொஞ்சங் கொஞ்சமாத்தான் வசூல் பண்ணும்.
நீங்க ஒரே நாள்ல கேக்குறீங்க,
தொள்ளாயிரத்துச் சொச்சம்.”

சட்டைப்பையில் ஒரு நோட்டீஸ் இருந்தது,
அடுப்பருகே சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தோடு.
அதை நான் வெளியே எடுக்கவில்லை.

அடுப்புக்குப் பின்னால் சுவர் கன்னங்கரேல்.
திடீரென்று அதில் ஆள்காட்டி விரலால் எழுதத் தொடங்கினாள்.
கரி விலகி எண்கள் வெளுப்பாக வந்தன.
மகனுக்கு ஆவி வைக்க
காரைக்குடி ஆஸ்பத்திரி, ஆறு தடவை.
தடவைக்கு ஒரு நாள் கூலி.
பஸ். இருமல் மருந்து. அவளுடைய கண் சொட்டு.
விறகு பொறுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு
என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு வட்டம் போட்டாள்.
கூட்டினாள்.

கூட்டி வந்த எண்ணை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஓசி விறகு” என்றாள்,
யாரையோ திட்டுவதுபோல.

சீட்டு அவள் யோசனைதான்.
எனக்கு அதில் பங்கில்லை.
அவளோடு மாவு பிசையும் எட்டுப் பேர்,
வாரக் கூலியில் ஆளுக்கு நூற்றிருபது,
எட்டுப் பெயரும் ஒரு பனையோலைக் கொட்டானில்.
வாரம் ஒரு பெயர், வாரம் ஒரு சிலிண்டர்.
“தூக்குகூலி இதுலயே அடக்கம் சாத்தையாண்ணே,
மேல கேக்கப்படாது.”

கேஸ் சோறு வயிற்றைப் பிடிக்கும் என்றாராம்
அவள் வீட்டுக்காரர் ஆண்டியப்பன்.
அப்படியானால் நீங்களே ஊதுங்கள் என்று
ஊதுகுழலைக் கையில் கொடுத்திருக்கிறாள்.
ஒரு நாள் ஊதினார்.
மறுநாள் வயிறு சரியாகிவிட்டது.

முழுக்க மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன்.
வெந்நீருக்குக் கொல்லையில்
மூன்று கல் இன்னும் இருக்கிறது.
சீட்டு விழுவதற்குள் கேஸ் தீர்ந்துபோனால்
மறுபடியும் முள், மறுபடியும் புகை.
ஆனால் பையன் இந்த மார்கழியில்
ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைதான் போனான்.

காலிச் சிலிண்டர்களைக் குடோனில் இறக்கிவிட்டு
ஒரு புதன்கிழமை இரவு வீட்டுக்குப் போனேன்.
சோலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்,
குழம்பில் படக்கூடாதென்று.
அவள் காலடியில் கருவேலங்கட்டு.
ஊருக்கெல்லாம் சுமக்கிறவன் வீட்டில்
வருடத்துக்கு எத்தனை ரீஃபில் என்று
ஏஜென்சியில் யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.

அடுத்த புதன்
ஓடிபி நம்பரை வாங்கி, வாஷரைச் சரிபார்த்து,
சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டி,
கிளம்பும் நேரத்தில்
மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை
கொட்டானுக்குள் போட்டேன்.

பூமயில் எடுத்துப் பிரித்துப் படித்தாள்.
என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.

“வாரம் நூத்தியிருபது” என்றாள்.
“கடன் கெடையாது.”